பட்டாணிப் பச்சை வண்டி

பக்கத்து வீட்டுப் பெரில் சத்தம் போடுகிறவள் இல்லை. அதனால் அவள் கார்க் கதவை அறைந்து சாத்தியது என் அடுக்களைவரை கேட்டதும், உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கை அப்படியே போட்டுவிட்டுக் கத்தியும் கையுமாக வாசலுக்கு ஓடினேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுக் கற்சுவர் ஒன்றுதான். ஆடு தாண்டாமல் இருக்கக் கட்டியது. பேச்சு தாண்டுவதை யாரும் தடுத்ததில்லை.

அவள் புருஷன் கிளிஃப் முற்றத்தில் தன் நாய் நெட்டிலுக்கு முடி மழித்துக்கொண்டிருந்தான். ஏப்ரல் கடைசியில் நாய் ஓட்டப் பந்தயம் தொடங்கிவிடும். அதற்குள் எங்கள் கம்பர்லாந்துப் பக்கத்து ஓட்ட நாய்களுக்கெல்லாம் மொட்டைதான், மலையில் ஓடும்போது சூடேறாமல் இருக்க. கிழ நாய் கர்னல், தனக்கு இனி ஓட்டமும் இல்லை மொட்டையும் இல்லை என்று தெரிந்து, கொட்டகை நிழலில் படுத்திருந்தது.

"அந்த மெஷினை நிறுத்து" என்றாள் பெரில்.

"ஒரு பக்கம்தான் முடிஞ்சிருக்கு."

"நிறுத்துன்னு சொன்னேன்."

நிறுத்தினான். பாதி மொட்டையோடு நெட்டில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"வில்ஃப் ஸ்டீல் வீட்டுக்குப் போனேன். உள்ள கால் வைக்கல, அவரு மக முடி ஒட்டி எடுக்கற உருளை ஒண்ண நீட்டுறா. 'இதை உடம்பு முழுக்க ஓட்டிக்கிட்டு வாங்க பெரில், நீங்க வந்துட்டுப் போனா அப்பா படுக்கையெல்லாம் நாய் முடி, ரூமெல்லாம் நாய் நாத்தம்'ங்கிறா. பத்தொன்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன் கிளிஃப். என்னைப் பாத்து ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல. நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு."

பெரிலின் வேலை அப்படி. பள்ளத்தாக்கு முழுக்க வீடு வீடாகப் போய், எழுந்திருக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கஞ்சி ஊட்டிவிட்டு வருவாள். வில்ஃபுக்கு வாரத்தில் மூன்று காலை. அந்த மனிதர் ஒரு காலத்தில் ஓட்ட நாய் வளர்த்த பெரிய நாய்க்காரர். போன இலையுதிர்காலத்தில் மனைவி இறந்ததிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"காரை நல்லாத் தூத்து விடறேன்" என்றான் கிளிஃப்.

"தூத்தறதெல்லாம் பாத்தாச்சு. மனுஷங்க வேலைக்குப் போற காருல இனி நாய் ஏறாது. உனக்கு வேற வண்டி பாரு. செலவு வைக்காத வண்டியா, நாய்க்கு, உன் தூண்டிலுக்கு, என் நீச்சல் மூட்டைக்கு எல்லாத்துக்கும் ஆகறதாப் பாரு. முதல் ஓட்டத்துக்குள்ள வரலன்னா நெட்டிலைக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லி உன் தம்பி ஹாரல்டுக்கு ஃபோன் பண்ணு. அவன் கேட்டுக்கிட்டேதான இருக்கான்."

கிளிஃப் மெஷினை மறுபடி எடுத்தான். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் அவனுக்குக் கஷ்டம். நெட்டில் ஒன்பது குட்டியில் கடைக்குட்டி, பிழைக்காது என்று தள்ளிவைத்தது. இரண்டு வாரம் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மணிக்கொரு தடவை பாட்டிலில் பால் கொடுத்துக் காப்பாற்றினான். கல்குவாரியில் முழங்கால் போய் வீட்டோடு உட்கார்ந்தவனை மறுபடி மலையேற வைத்ததும் அந்த நாய்தான். அதன் மீதிப் பாதியை மெதுவாக மழித்து முடித்தான்.

"என்ன எட்னா, எல்லாம் காதுல விழுந்துச்சா?" என்றாள் பெரில், சுவர்ப் பக்கம் திரும்பாமலே.

"கடைசி வரி மட்டும் சரியா விழல" என்றேன்.

அந்த வாரம் மதுக்கடையில் வேறு பேச்சே இல்லை. ஆளுக்கொரு வண்டி சொன்னார்கள். தன் வண்டியை எவன் தலையில் கட்டலாம் என்று காத்திருந்தவர்களே பாதிப் பேர்.

முதலில் பார்த்தது மேட்டுப் பண்ணையின் பழைய லேண்ட் ரோவர். அதைப் பார்த்ததும் கிளிஃபின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது, பாவம். ஏறி உட்கார்ந்து சக்கரத்தைத் தடவினான். "இதுதான்யா வண்டி!" கீழே எண்ணெய் சொட்டிக் குளம் கட்டியிருந்ததை அவன் பார்க்கவில்லை. பெரில் பார்த்தாள். கேலனுக்கு எத்தனை மைல் தரும் என்று கேட்டாள். பண்ணைக்காரர் மேகத்தைப் பார்த்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்றார். போதாததற்குக் கர்னலால் அந்த உயரம் ஏற முடியவில்லை. இடுப்பு போன நாய். முன்னங்காலை மேலே வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தது.

அடுத்தது கொத்தனார் ஒருவரின் வேன். செலவு குறைவுதான். பின்னால் ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தியதும் நெட்டில் இருட்டுக்குள் ஊளையிட்ட ஊளையில் எதிர்வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது.

"முன்னால ரெண்டு சீட்டுதான். எட்னா எங்க உட்காருவா?" என்றாள் பெரில்.

"எட்னா எதுக்கு வரணும்?" என்றான் கிளிஃப்.

"ஓட்டத்துக்கு வராம முப்பது வருஷத்துல ஒரு நாள் இருந்திருக்கேனா?" என்றேன். "அவ்வளவு பாரமாயிட்டேனா நான்?"

"பாரத்தைப் பத்தி நான் வாயே திறக்கல" என்றான். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. கடுகடுவென்று இருக்கும்போதும் அவனுக்கு வாய் மட்டும் ஓயாது.

மூன்றாவதாக ஒரு நீளக் கார், குடும்பக்காரர்கள் வைத்திருப்பது. நாய் ஏறத் தோதான தாழ்வு. அந்தத் தாழ்வே வினையாகி, எங்கள் வீட்டுச் சந்தில் ஓட்டிப் பார்த்தபோது நடுவிலிருந்த பாறை அதன் அடிவயிற்றைக் கிழித்தது. விற்க வந்தவன் எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. விடாத மழை. சுவர் கட்டும் கூலி வேலைக்குப் போய் நனைந்து வருகிற கிளிஃப், ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான் என்று பெரில் சொன்னாள். ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மூன்று மணி நேரம் வேகவைத்து, ஊறவைத்த சிவப்புக் கோஸோடு அவள் வைக்கிற சட்டியை அந்த மனிதன் மிச்சம் வைத்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

"சொன்னதைத் திருப்பி வாங்கிக்கயேன்" என்றேன்.

"வாங்கிக்கிட்டா வில்ஃப் மக முகத்துல எப்படி முழிக்கறது எட்னா? அந்த மனுஷன் படுக்கைதான் அவருக்கு இப்ப உலகமே. அதுல முடி கிடக்கலாமா?" அவள் கண்ணிலும் தண்ணீர்தான். நெட்டில்மேல் அவளுக்குப் பாசம் இல்லையென்று யார் சொன்னது?

கடைசியாகப் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தோம். கார்லைல் நகரத்துக்கு வடக்கே, எல்லைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் இரண்டு நாய்களும், பெரிலின் காரில் 'இதுதான் கடைசித் தடவை' என்ற பேச்சோடு கிளம்பினோம்.

போய்ப் பார்த்தால், தபால் வேனுக்கு ஜன்னல் வைத்தது மாதிரி ஒரு வண்டி. இரண்டு பக்கமும் இழுத்துத் திறக்கிற கதவு. நிறம் பட்டாணிப் பச்சை. டீசல் வண்டி. பழைய ரசீதெல்லாம் பார்த்துவிட்டுப் பெரில் தலையாட்டினாள், நம் கார் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காது என்று. கிளிஃப் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் முகம் போன போக்கை என்னவென்று சொல்ல.

"இதுல போய் ஓட்டக் களத்துல இறங்கினா ஈவன் ஃபியரன் என்ன சொல்லுவான்? 'வாப்பா, காய்கறி கொண்டு வந்தியா'ம்பான்."

"ஈவன் நாய் மூணு வருஷமாக் கடைசியா வருது. அவன் பேசுவானா?" என்றாள் பெரில். விற்கிற பெண்மணியிடம் திரும்பினாள். "யாரோட வண்டிங்க?"

"எங்கப்பாவோடது. இப்ப இடுப்பு ஆபரேஷன் ஆகி என்கூட இருக்கார். அதிகம் ஓட்டல. வாரத்துல ரெண்டு நாள் மலையில நடக்கப் போவார், அவ்வளவுதான்."

"கொடுத்துவச்சவர்" என்றாள் பெரில்.

பின்கதவைத் திறந்ததுதான் தாமதம். கர்னல், படியேற ஆள் தூக்கிவிட வேண்டிய கர்னல், ஒரே தாவலில் உள்ளே போய் நின்றது. பின்னாலேயே நெட்டில். இரண்டும் மூக்கைத் தரையில் புதைத்துக்கொண்டு, வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டி, என்னவோ முனகின. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. பிஸ்கட்டைக் காட்டினோம், ஊகூம்.

"பாத்தியா! அதுங்களே முடிவு பண்ணிருச்சு" என்று பெரில் கைதட்டிச் சிரித்தாள்.

கிளிஃப் தலையை உள்ளே விட்டான். "ஏதோ சோம்பு வாசம் அடிக்குதே?"

"நாயைப் பழக்கற எண்ணெய் உன் மேல அடிக்காம வேற எங்க அடிக்கும்?" என்றாள் பெரில்.

"இது வேற மாதிரி. எட்னா, உன் மிட்டாயா?"

நான் நாள் முழுக்கச் சோம்பு மிட்டாய் சப்புகிறவள். வாயில் அப்போதும் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. வெட்கத்தோடு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "நான்தான், வேற யாரு" என்றேன். எல்லாரும் சிரித்தோம். நாய்களோடேயே வண்டி வீட்டுக்கு வந்தது.

அடுத்த இரண்டு வாரத்தைப் போல நிம்மதியான நாட்கள் அந்த வீட்டில் இருந்ததில்லை. மழையும் விட்டது. பெரில் சாயங்காலம் ஏரிக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரில் நீந்திவிட்டு, பின்கதவைக் குடை மாதிரித் தூக்கிவைத்து, அதனடியில் உட்கார்ந்து பிளாஸ்க் டீ குடித்தாள். கிளிஃப் பக்கத்திலேயே தூண்டில் போட்டான். நான் இஞ்சிக் கேக் கொண்டுபோனேன். நெட்டிலுக்கு மட்டும் அந்த வண்டியை விட்டு இறங்கவே மனசில்லை. சாப்பாடும் அதற்குள்தான், தூக்கமும் அதற்குள்தான். வீட்டுக்குப் பின்னால் மலையில் கிளிஃப் பயிற்சி கொடுத்துவிட்டு வந்ததும் நேரே அதில் ஏறிப் படுத்துக்கொள்ளும். "மகாராணிக்கு அரண்மனை கிடைச்சிருச்சு" என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்டான்.

முதல் ஓட்டத்தன்று சுள்ளென்று வெயில். எங்கள் ஓட்டம் எப்படியென்றால், இரண்டு பேர் சோம்பு எண்ணெயும் மண்ணெண்ணெயும் ஊறிய கம்பளித் துணியை மலைமேல் பத்து மைலுக்கு இழுத்துக்கொண்டே நடப்பார்கள். நாய்கள் அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு, சுவரும் சேறும் தாண்டி ஓடிவரும். முடிவுக் கோட்டில் அவரவர் சோற்றுக் கிண்ணத்தைத் தட்டி, விசிலடித்துத் தொண்டை கிழியக் கத்துவார்கள். எது முதலில் கோட்டைத் தாண்டி வருகிறதோ அது ஜெயித்தது.

பச்சை வண்டியைப் பார்த்து ஈவன் ஃபியரன் சொன்னது கிளிஃப் பயந்ததைவிட மோசம். இங்கே எழுத மாட்டேன். வெயிலாக இருக்கிறதே, உள்ளே கர்னலுக்குப் புழுங்குமே என்று பெரில் பின்கதவை முழுசாகத் தூக்கிவைத்துவிட்டு வந்தாள்.

இருபது நிமிஷம் கழித்து உச்சியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. தொலைநோக்கியை வைத்திருந்தவன் கத்தினான்: "முன்னால நெட்டில்! கிளிஃப் மோசப்போட நெட்டில்!"

அவ்வளவுதான். கிளிஃப் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. இரண்டு வயல் முன்னால் வந்துகொண்டிருந்தது அவன் குட்டி. கடைசிச் சுவரைத் தொடாமல் தாண்டியது. "வா வா வா நெட்டில்! வாடி தங்கம்!" கிண்ணம் உடைகிற மாதிரித் தட்டினான். நான் பெரிலின் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

கோட்டுக்கு இன்னும் நூறு அடி இருக்கும்போது நெட்டில் நின்றது. மூக்கை உயர்த்தியது. இடதுபக்கம் திரும்பி, வண்டிகள் நிறுத்தியிருந்த மேய்ச்சல் நிலத்துக்கு ஓடியது.

"எங்கடி போற!" என்று கிளிஃப் அலறினான். பின்னால் வந்த நாய்கள், பதினான்கு என்று பிறகு சொன்னார்கள், அவையும் இடதுபக்கம் திரும்பின. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது பச்சை வண்டியின் பின்பக்கம் நாய்களால் நிரம்பி வழிந்தது. உள்ளே இடமில்லாதவை ஒன்றின்மேல் ஒன்று ஏறின. நடுவில் கர்னல், வந்தவர்களையெல்லாம் வரவேற்கிற மாதிரி, தலையைத் தூக்கி ஊளையிட்டது. வெகுநேரம் கழித்து, மூக்குச் செத்துப்போன ஈவனின் நாய் தனியாக ஆடி அசைந்து வந்து கோட்டைத் தாண்டி முதல் பரிசு வாங்கியது.

ஓட்டக் குழுத் தலைவர் வண்டிக்குள் தவழ்ந்து போய்த் தரைவிரிப்பைத் தூக்கினார். அடியில் பெரிய பழுப்புக் கறை. மோந்துவிட்டு, கண்ணில் நீர் வர வெளியே வந்தார்.

"இது யாரோட வண்டியா இருந்துச்சு கிளிஃப்?"

"எல்லைப் பக்கத்துல ஒரு பெரியவர். மலையில நடப்பாராம்..." சொல்லும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. குரல் இறங்கிப்போனது. "துணி இழுத்துக்கிட்டு நடந்திருக்கார்."

"ஒரு பாட்டில் எண்ணெயே உள்ள கொட்டியிருக்கு. நாப்பது வருஷமா நாய் வளர்க்கிற, உனக்கு மோப்பம் தெரியலையா?"

"எட்னாவோட மிட்டாய்ன்னு நெனச்சேன்" என்றான் கிளிஃப்.

களமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. தலைவர் சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தப்பாக நினைக்காதே, ஆனால் இந்த வண்டி இனி எந்த ஓட்டக் களத்துக்கும் ஒரு மைல் கிட்டே வரக்கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் விரிப்பைப் பிய்த்துப் போட்டு, வினிகரும் சமையல் சோடாவும் வெந்நீருமாகப் போட்டு மூன்று பேரும் தேய்த்தோம். வெந்நீர் பட்டதும் வாசம் தெருவையே தூக்கியது. நாய்கள் இரண்டும் பக்கத்தில் உட்கார்ந்து எச்சில் ஒழுகப் பார்த்துக்கொண்டிருந்தன.

"போதும்" என்று கிளிஃப் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். "இது போகாது. சொன்னது சொன்னதுதான். அந்தக் காருல நாய் ஏறக் கூடாது, இந்த வண்டியில ஓட்டத்துக்குப் போக முடியாது. நாளைக்கு ஹாரல்டுக்கு ஃபோன் பண்றேன்."

ஜெயித்துவிட்டு வந்தால் கொடுக்கவென்று அரைத்த கறியும் முட்டையும் கொஞ்சம் ஷெர்ரி ஒயினும் கலந்து வைத்திருந்த கிண்ணத்தை, மூடியபடியே அலமாரியில் தூக்கி வைத்தான். நெட்டில் அலமாரியையே பார்த்தது. பெரில் பிரஷ்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு மிட்டாய் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பெரில் ஏறியது பச்சை வண்டியில். அவளுடைய நல்ல காரின் சாவி நெட்டிலின் கழுத்துப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. கிளிஃப் வாசற்படியில் சட்டை பொத்தான்கூடப் போடாமல் நின்றான்.

"சாவிய மாத்தி எடுத்துக்கிட்டுப் போறியே!"

"மாத்தி எல்லாம் எடுக்கல. அந்தக் காரு இனி உனக்கும் நாய்க்கும். தினமும் நாப்பது மைல் நான்தான ஓட்டறேன்? கம்மியாக் குடிக்கிறது எனக்குத்தான வேணும்? இதுல நாய் ஏறலன்னா முடி இல்ல. சோம்புதான் மணக்கும். மணக்கட்டும்." அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அவனுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. வில்ஃப் மகள் இதற்கும் ஒரு உருளையை நீட்டுவாளே என்று என்னிடம் வந்து புலம்பினான்.

நாலு மணிக்குப் பெரில் திரும்பினாள். சுவரோரம் நான் அரைமணியாக இல்லாத களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"வா எட்னா, நீயும் கேளு. இல்லன்னா தூங்க மாட்ட" என்றாள். முகம் சிவந்து வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"என்ன சொன்னா அவ?" என்றான் கிளிஃப்.

"வாசல்ல மோந்து பாத்துட்டு, 'இது என்னங்க, மிட்டாய்க் கடை மாதிரி'ன்னா. நான் நேரே உள்ள போனேன். வழக்கம்போல வில்ஃப் சுவரைப் பாத்துப் படுத்திருந்தார். முதுகு துடைக்கலாம்னு குனிஞ்சேன். என் கையைப் பிடிச்சார். என் கம்பளிச் சட்டைய மூக்குகிட்ட இழுத்துக்கிட்டார். ரொம்ப நேரம். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பி..." அவள் நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். "'யாரு ஜெயிச்சது?'ன்னு கேட்டார்."

ஏழு மாசம் வாய் திறக்காத மனிதர்.

"நான் எல்லாத்தையும் சொன்னேன். வண்டி வாங்கினது, எட்னா மிட்டாய், கர்னல் ஊளை, எல்லாம். சிரிச்சார் கிளிஃப். கட்டில் ஆடிச்சு. மக மாடியில இருந்து ஓடி வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு அழறா. அப்புறம் அவர் சொன்னார், 'ஈவன் நாய் என்னடி ஜெயிச்சது? சோம்பு எங்க முடியுதோ அதான் கோடு. நெட்டில்தான் ஜெயிச்சா. நான் சொன்னேன்னு கிளிஃப்கிட்டச் சொல்லு. புதன்கிழமையும் அந்த வண்டியிலயே வா'ன்னார்."

கிளிஃப் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு உள்ளே போய் ஒரு கிண்ணத்தை எடுத்துப் புதிதாகக் கறி அரைத்தான். முட்டை உடைத்து ஊற்றினான். ஷெர்ரியை அளக்காமல் ஊற்றினான். நெட்டிலுக்கு முன்னால் வைத்துவிட்டு அது நக்குவதைப் பார்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தான்.

"காலையில ஹாரல்டுக்கு ஃபோன் பண்ணினேன்" என்றான் பெரிலிடம். "எடுக்கல. சாயங்காலம் அவனே கூப்பிடுவான். என்ன சொல்ல?"

"நெட்டிலுக்கு வண்டி இருக்குன்னு சொல்லு" என்றாள் பெரில்.